நாலு விரல் குறைந்த திரைச்சீலை

முன்னறை ஜன்னலுக்குத் திரை மாட்டிய மறுநாள் காலை ஆறே காலுக்கு, அந்தத் திரைக்குக் கீழே இரண்டு கால்கள் நின்றுகொண்டிருந்தன. கணுக்காலுக்கு மேல் துணி மறைத்திருந்தது. கீழே பத்து விரல்களும் பளிச்சென்று தெரிந்தன. அந்த வீட்டு அண்ணி பெருக்கிக்கொண்டே வந்தவள் அதைப் பார்த்தாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள், திரையை விலக்கினாள். பின்னால் யாரும் இல்லை. சுவர் இருந்தது. முந்தின நாள் டிரில் போட்டபோது உதிர்ந்த வெள்ளைத் தூள் சுவரோரமாக ஒரு கோடு போல இருந்தது. திரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பூனை நிற்கவும் இடம் கிடையாது. திரையை இழுத்து விட்டாள். கால்கள் மறுபடி நின்றன. நாலு தடவை அப்படிச் செய்து பார்த்துவிட்டு, ஏழு மணிப் பேருந்து யாருக்காகவும் நிற்காது என்பதால், கால்களைச் சுற்றிப் பெருக்கி முடித்தாள்.

அவளைத் தெருவில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட. அவள் புருஷனுக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் மூன்று மாடிப் படியும் அதிர 'அண்ணி' என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. ஒரே வருஷத்தில் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தபின், ஒன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தவன் அவன். அவளுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று மாதம். பிறகு அவளுக்கென்று குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவும் இல்லை. பையன் ஒருவன் ஏற்கெனவே வீட்டில் ஓடிக்கொண்டிருந்தான். வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். நண்பர்கள் அவனை 'லிஃப்ட்டு' என்றார்கள். முப்பது வயதில் பெரிய நகரம் ஒன்றிலிருந்து பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டது. கிளம்புகிற வாரத்தில், எதிர்க் கட்டிடத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் மூன்று மணி வெயில் விடுமுறை நாளில் அண்ணியின் முகத்தில் விழுகிறதே என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் கடுகு நிறத்தில் திரை.

ஜன்னலுக்கு மேல் ஒரு சாண் விட்டு அளவெடுத்துத் தையற்காரரிடம் கொடுத்ததும் அவன்தான். மாட்டும்போது மனசு மாறி ராடை இன்னும் மேலே தூக்கியதும் அவன்தான். ரசமட்டம் வைத்து, பென்சிலால் புள்ளி குத்தி, இரண்டு பிராக்கெட்டையும் முடுக்கி, வளையங்களை ராடில் கோத்து இறக்கினான். துணி தரைக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது.

"எட்டலையேடா."

"உயரமா மாட்டினா ரூம் பெருசா தெரியும் அண்ணி. நாலு விரல்தானே, யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

அன்று மாலையே பஸ் ஏறிவிட்டான்.

அவள் புருஷன் செருப்புக் கடையில் ஆண்கள் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவர். ஊரில் பாதிப் பேரை அவருக்கு முகம் தெரியாது, கால் தெரியும். பல் துலக்கியபடியே வந்து குனிந்து பார்த்தார்.

"எட்டாம் நம்பர். அகலம் ஜாஸ்தி. இடது கால் அரை நம்பர் பெருசு. இது நம்ம தம்பி காலு."

"அவன்தான் நேத்தே பஸ் ஏறிட்டானேங்க."

"ஏறிட்டான். காலு இங்க இருக்கு," என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

முதல் ஆறு மாதம் அது ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது. பிள்ளை வெளியூரில் இருக்கிற வீட்டில் வாரம் ஒரு போன் வரும். இந்த வீட்டில் தினமும் கால் இருந்தது. காலையில் ஷூவோடு நிற்கும், சாயங்காலம் வெறுங்காலாகும். புது சாக்ஸ் போட்ட அன்று அண்ணி போனில் அதன் நிறத்தைச் சொல்லிக் கேட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். திரை விஷயத்தைச் சொன்னபோது இன்னும் சிரித்தான். மேல்வீட்டு டீச்சர் ஒருநாள் தயிருக்கு உறை கேட்டு வந்தவள், கால்களைப் பார்த்து, "வளர்ந்திருக்கானே," என்று மட்டும் சொல்லிவிட்டு உறையை வாங்கிக்கொண்டு போனாள். தரை துடைக்கும்போது அண்ணி கால்களைச் சுற்றித் துடைப்பாள். தொட்டதில்லை. வளர்ந்த ஆண்பிள்ளை, கேட்காமல் தொடக்கூடாது என்று நினைத்தாள்.

ஏழாவது மாதம் ஷூ நின்றுபோனது. ரப்பர் செருப்பு வந்தது. குதிகாலில் வெடிப்பு வந்தது, வெடிப்புக்குள் சிமெண்டு வந்தது. வலது பெருவிரல் நகம் கறுத்து, மூன்று வாரத்தில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் குரல் மட்டும் மாறவே இல்லை. சூப்பரா இருக்கேன் அண்ணி, கம்பெனியிலேயே ஏசி ரூம் குடுத்திருக்காங்க அண்ணி. அவள் தண்ணீர் வாரியத்தில் புகார் எண்ணுக்கு வருகிற போனை எடுக்கிற வேலையில் இருந்தாள். ஒரு நாளைக்கு நூறு பேர் பேசுவார்கள். குழாயில் உண்மையிலேயே தண்ணீர் வராதவன் யார், பக்கத்து வீட்டுக்காரன்மேல் கோபத்தில் பேசுகிறவன் யார் என்று 'ஹலோ'விலேயே பிரித்துவிடுவாள். தம்பியின் குரலில் மட்டும் அவளால் எதையும் பிரிக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகப் பொய் சொன்னான். ஒரு ஞாயிறு, கணுக்கால்வரை சேறு அப்பிய கால்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"ஏசி ரூம்ல எப்படிடா கால் சேறாகுது?"



"அந்தத் திரையைக் கழட்டிடுங்க அண்ணி."

"உன் காலுதானேடா தெரியுது. முகமா தெரியுது?"

"முகம் தெரிஞ்சா சமாளிச்சுடுவேன். காலை வெச்சுக்கிட்டு எப்படி சமாளிக்கிறது? எனக்கு முப்பத்தோரு வயசாகுது அண்ணி. யாரோ எப்பவும் பாத்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு. தயவுசெஞ்சு."

தயவுசெய்து என்ற வார்த்தையை அவன் அவளிடம் அதுவரை சொன்னதில்லை. கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. தையற்காரர் கீழ் மடிப்பில் ஐந்து விரல் துணி உபரியாக விட்டிருந்தார். அன்று மத்தியானமே தையலைப் பிரித்து, மடிப்பை இறக்கி, ஓரம் அடித்தாள். திரை தரையைத் தொட்டது. கால்கள் மறைந்தன. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு பேரும் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள், அதன்பிறகு அப்படியே பழகிவிட்டது.

ஆனால் துணி துணிதானே. சில நாள் ஓரம் நனைந்திருக்கும். சில நாள் கிரீஸ் வாடை வரும். பிள்ளை எப்போதும் ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி நிற்பது போல, துணிக்கு உள்ளே ஒரு தேய்க்கிற சத்தம் இருக்கும். கால்விரல்கள் முட்டி நிற்கிற இடத்தில் ஓரம் இரண்டு மேடாகப் புடைத்திருக்கும். அண்ணி அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்க வேண்டும் என்று கை துடித்த நாட்களில் சமையலறைக்குப் போய் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். புருஷனும் பார்க்கவில்லை. "வாய்விட்டுக் கேட்டுட்டான். மதிக்கணும்," என்றார். ஞாயிறு போன்களில் அவன் குரல் முன்னைவிட உற்சாகமாக இருந்தது. நம்ப வேண்டும் என்று இருவருக்கும் ஆசையாக இருந்ததால் நம்பினார்கள். இப்படி நாலு மாதம் போனது.

சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்த ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, திரையின் ஓரத்தில் அந்த இரண்டு மேடுகள் இல்லை. துணி அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தது. அண்ணி கையில் காபி டம்ளரோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காபி ஆடை கட்டும்வரை நின்றாள். பிறகு உட்கார்ந்து, நாலு மாதத்தில் முதல்முறையாக, இரண்டு விரலால் துணியின் ஓரத்தைத் தூக்கினாள்.

கால்கள் இருந்தன. தரையில் இல்லை. தரைக்கு இரண்டு விரல் மேலே, விரல்நுனிகள் கீழ்நோக்கி, இலேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றில் பூட்ஸ் இருந்தது. மற்றது வெறுங்கால்.

புருஷன் வந்து பார்த்தார். எடையைத் தாங்குகிற கால் அகலும், தாங்காத கால் நீளும். அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. "தொங்குது," என்றார்.  தம்பியின் எண்ணுக்குப் போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கம்பெனி எண்ணுக்குப் போட்டார்கள். விடுமுறை என்று ஒரு இயந்திரம் சொன்னது. போட்டிருந்த சட்டையோடு அவர் பேருந்து நிலையத்துக்கு ஓடினார். ஏழு மணி நேரப் பயணம்.

அண்ணி அந்தக் கால்களுக்குக் கீழே முதலில் அடுக்களைப் பலகையை வைத்தாள். பலகை அங்கே இல்லாதது போல, கால்கள் மரத்துக்குள் புதைந்து ஆடின. தலையணை வைத்தாள், தடித்த அகராதி ஒன்றை வைத்தாள். எதிலும் எடை இறங்கவில்லை. கடைசியில் தரையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் திரைக்கு அடியில் நீட்டி, உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்து வைத்தாள். இறங்கியது. வளர்ந்த ஆண் ஒருவனின் முழு எடையும், நீர்க்குழாய் இரும்பு போலச் சில்லிட்டிருந்த இரண்டு பாதங்கள் வழியாக, அவள் கைகளில் இறங்கியது. அந்த இரண்டு விரல் இடைவெளி அவள் கைகளுக்குச் சரியாக இருந்தது.

மேல்வீட்டு டீச்சர் அவள் முனகல் கேட்டு வந்தாள். மாற்றிப் பிடிக்கட்டுமா என்று கேட்டாள். அண்ணி ஒரு கையை அரை அங்குலம் நகர்த்தியதும் மேலே எங்கோ ஏதோ ஒன்று நெறிந்து, பாதம் வெட்டி இழுத்தது. அதன்பிறகு நகர்த்தவில்லை. டீச்சர் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள், பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டினாள், போனைத் தரையில் காதருகே வைத்தாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அன்றைய பேப்பரை எடுத்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தாள். தங்கம் விலை படித்தாள், வேலைக்கு ஆட்கள் தேவை படித்தாள், வானிலை படித்தாள். பிற்பகலில் அண்ணியின் வலது கையில் ஒரு எலும்பு ஒடிந்தது. சத்தம் டீச்சருக்கும் கேட்டது. அவள் அடுத்த பத்தியைப் படித்தாள். வெளிச்சம் குறையும்போது வெறுங்காலின் பெருவிரல் அவள் உள்ளங்கையை இரண்டு தரம் அழுத்தியது.

"இருக்கேன்டா," என்றாள் அண்ணி. "இங்கதான் இருக்கேன்."

அங்கே புருஷன், சாத்தியிருந்த கம்பெனி வாசலில் காவலாளியிடம் தம்பியின் போட்டோவைக் காட்டினார். இந்த ஆளை வேலையிலிருந்து எடுத்து ஏழு மாதத்துக்கு மேலாச்சே என்றார் காவலாளி. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அவ்வளவு பெரிய நகரத்தில், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தேடினார். கட்டட வேலைக்காரர்கள் பூட்ஸ் வாங்குகிற கடைகள் எங்கே என்று விசாரித்து, ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எட்டாம் நம்பர், அகலக் கால், இடது அரை நம்பர் பெரிது. ஐந்தாவது கடைக்காரர் உடனே தலையாட்டினார். இரண்டு ஜோடியைப் பிரித்து காலுக்கொரு அளவாகத் தரமுடியுமா என்று கேட்டவனை எந்தச் செருப்புக்கடைக்காரனும் மறக்கமாட்டான். பாலத்துக்கு அந்தப் பக்கம் பாதியில் நிற்கிற பதினாலு மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறான், சிமெண்டு மூட்டை அறையிலேயே படுத்துக்கொள்கிறான் என்றார். கட்டடத்தின் கேட் பூட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை, விடுமுறை என்று வாட்ச்மேன் சாதித்தார். அண்ணியின் புருஷன் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஆளின் சட்டையைப் பிடித்தார். லிஃப்ட் குழியில் ஒன்பதாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், விடுமுறையிலும் தனியாக வேலைக்கு இறங்கி, பாதுகாப்பு பெல்ட் ஒன்றில் மாட்டிக்கொண்டு, தம்பி தொங்கிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு பகல் பதினொன்று நாற்பதுக்கு அண்ணியின் கைகளிலிருந்து எடை போனது. எதனால் போனது என்று அவளுக்குத் தெரியாது. டீச்சரும் பேப்பரை மடித்துவிட்டாள்.  அவள் கைகளை எடுக்கவில்லை. இருபது நிமிடம் அப்படியே கிடந்தாள். அந்த இருபது நிமிடத்தில் அவள் தலைமுடி முன்பக்கம் முழுக்க நரைத்ததாக டீச்சர் பிற்பாடு சொன்னாள். ஆனால் டீச்சர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். பிறகு போன் அடித்தது.

"உசிரோட இருக்கான்," என்றார் புருஷன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கணக்கு ஒத்துவரவில்லை என்றார். இருபத்தாறு மணி நேரம் பெல்ட்டில் தொங்கினால் ரத்தம் முழுக்கக் காலில் தங்கிவிடும், ஒரு மணி நேரம்கூடத் தாங்குவது கஷ்டம், இவர் காலூன்ற ஏதோ இருந்திருக்க வேண்டும் என்றார். கீழே எட்டு மாடி ஆழத்துக்கு எதுவும் இல்லை என்று சொன்னார்கள். டாக்டர் யோசித்துப் பார்த்து, 'ஊன்றுகோல் இருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அண்ணிக்கு வலது கையில் மூன்று எலும்பு, இடது கையில் இரண்டு. அவை கூடின, ஆனால் கைகள் அதன்பிறகு முழுதாக விரியவில்லை. தண்ணீர் வாரியத்தில் அவளுக்குத் தலையில் மாட்டுகிற போன் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து தம்பி வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான்.  முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவன் எதிரே திரை இருந்தது, வழக்கம்போலத் தரையைத் தொட்டுக்கொண்டு. அவன் வந்துவிட்டதால் இனி அங்கே ஒன்றும் இருக்காது என்று மற்ற இருவரும் நினைத்திருந்தார்கள். நினைத்திருந்தார்களே ஒழிய, தூக்கிப் பார்க்கவில்லை. அவன்தான் குனிந்து ஓரத்தைத் தூக்கினான். தன் கால்கள் இரண்டையும் முதல்முறையாக எதிரில் பார்த்தான்.

"இன்னும் தொங்குதே அண்ணி."

"ஆமாடா."

"நான்தான் வந்துட்டேனே."

"நீ வந்துட்ட," என்றாள். "அது இன்னும் வரலை."

அன்று மத்தியானம் அவன் உதடு நீலமானது. மூச்சு முட்டி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணி தரையில் படுத்துக் கோணல் கைகளை நீட்டினாள். பாதங்கள் இறங்கி உட்கார்ந்ததும் அவனுக்கு நிறம் திரும்பியது. ஒரு நாளைக்கு இத்தனை நேரமாவது யாராவது பிடித்தாக வேண்டும் என்பது அந்த வாரத்திலேயே பிடிபட்டது. கடைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் அண்ணன். பள்ளிக்கூடம் விட்டதும் முக்கால் மணி நேரம் டீச்சர், திருத்த வேண்டிய நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நடுவில் அண்ணி, டாக்டர் கூடாது என்று சொல்லியும். இவ்வளவு பேரும் அவனுக்காகத் தரையில் கிடப்பதை அவன் ஒன்றரை மாதம் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பார்க்காமல் இருந்தான். பிறகு ஒரு நாள், அண்ணி கையை உதறிக்கொள்ள எழுந்தபோது, அவனே எழுந்து வந்து அவள் இடத்தில் படுத்தான். கைகளை நீட்டினான். தன் பாதங்கள் தன் உள்ளங்கையில் இறங்கியதும் அவன் முகம் கோணியது.

"இவ்வளவு கனமா அண்ணி இருந்தேன்?"

அவள் அவன் முதுகில் கை வைத்தாள். மடங்கிய விரல்களால் அவ்வளவுதான் முடிந்தது.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடின. தம்பி தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கப் பழகிக்கொண்டான். தரைத்தளத்து வேலை மட்டும் ஒப்புக்கொள்வான், வீட்டுக்குப் படியேறும்போது சுவரைத் தடவிக்கொண்டே ஏறுவான். திரையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை துவைத்தார்கள். அதைக் கழற்றி, துவைத்து, காயவைத்து, மறுபடி ராடில் ஏற்றுகிறவரை அவன் கட்டிலில் அசையாமல் படுத்திருப்பான், யாரும் அவனோடு பேசமாட்டார்கள். இரண்டு விரலாக இருந்த இடைவெளி ஒன்றரை ஆனது. மூன்றாம் வருஷம் ஒரு குளிர்காலத்தில் காரணமே இல்லாமல் மறுபடி இரண்டானது. பிறகு ஒன்று. கைகளை நசுக்காமல் இப்போது நுழைப்பது கஷ்டம். ஆனாலும் நுழைத்தார்கள்.

ஐந்தாம் வருஷம் தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், எதையும் சீட்டைப் படித்துவிட்டுத்தான் எடுப்பவள். அவள் வந்த முதல் வாரமே அண்ணி அவளை முன்னறைக்கு அழைத்து வந்து, துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டி, எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். செவ்வாயும் சனியும் சாயங்காலம் அவள் முறை என்றாள். அந்தப் பெண் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த கால்களை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"கைக்கு அடியில ஏதாவது விரிச்சுக்கலாமா அக்கா?"

"கீழ விரிச்சுக்கோ. மேல கூடாது. கைதான் படணும்."

"சரி," என்றாள். அன்று செவ்வாய்க்கிழமை. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஒரு துண்டை நாலாக மடித்துத் தரையில் போட்டுப் படுத்துக்கொண்டாள்.